வண்டின்ர சாராயம்

பத்மாவதிக்கு வண்டுப் பைத்தியம். அதுவும் மரப்பட்டையைத் துளைக்கிற, எள்ளளவு வண்டுகள். ஓர் அரசாங்க ஆய்வுகூடத்தில் வேலை. சண்டைக் காலம், யாழ்ப்பாணம் போக வழியில்லாமல் கொழும்பு வெள்ளவத்தையில் நாகேஸ்வரி அன்ரி வீட்டில் அறை எடுத்திருந்தாள். பக்கத்து அறை எனக்கு. "இந்த வீட்டில மச்ச மாமிசமும் இல்லை, குடியும் இல்லை" என்று அன்ரி முதல் நாளே எங்கள் இருவருக்கும் சொல்லிவிட்டார்.

மாத்தளையில் ராமையா என்பவரின் கொக்கோ மரங்கள் வண்டு துளைத்துப் பட்டுப்போய்க்கொண்டிருந்தன. தோட்டம் முழுவதையும் வெட்டி எரிக்கச் சொன்னார்கள் பத்மாவதியின் மேலதிகாரிகள். அந்த மனிதருக்கு வேறு பிழைப்பில்லை.

"அங்க கன வகை வண்டு இருக்கு" என்று பத்மாவதி என்னிடம் பொரிந்தாள். "முக்கால்வாசி வகை காய்ஞ்ச கொப்புக்குத்தான் வரும். உயிர் மரத்தைக் கொல்லுறது ஒரு வகைதான். அது பிடிச்ச மரத்தை மட்டும் வெட்டினால் காணும்."

திங்கட்கிழமை அவர்களுக்கு வண்டுகளைக் காட்டி நிரூபித்தால் தோட்டம் தப்பும்.

இந்த வண்டுகளுக்குச் சாராய வாசம் பிடிக்கும். போத்தலில் கொஞ்சம் ஊற்றிக் கம்பியால் மரத்தில் தொங்கவிட்டால் தானாக வந்து விழும். பிடித்த வண்டுகள், கம்பி, மிச்சச் சாராயம் எல்லாவற்றையும் அவள் கட்டிலுக்கு அடியில் ஒளித்திருந்தாள். அன்ரிக்குத் தெரியாது.

ஞாயிறு காலை பொலிஸ் சோதனை. போத்தல், கம்பி, ஏதோ திரவம், யாழ்ப்பாணத்து அடையாள அட்டை. குண்டு என்று சந்தேகிக்கப் போதாதா?

"மே மொனவத?" இது என்ன என்று சிங்களத்தில் அதட்டினார் இன்ஸ்பெக்டர்.

சாராயம், வண்டு பிடிக்க என்றாள் பத்மாவதி. உலகத்தில் யார் நம்புவார்கள்? சாமான்களோடு அவளையும் ஜீப்பில் ஏற்றச் சொன்னார்.

அன்ரிக்கு அன்று கந்தசஷ்டி விரதம். சாமி அறையிலிருந்து எழுந்து வந்தார். மிச்சச் சாராயப் போத்தலை மணந்து பார்த்தார். பத்மாவதியை ஒரு முறை முறைத்தார். பிறகு மூடியில் ஊற்றி மடக்கென்று குடித்துவிட்டார்! கண்ணில் தண்ணீர் வர இருமிக்கொண்டே, "அரக்கு, மாத்தயா" என்றார், சாராயம்தான் ஐயா என்று. இன்ஸ்பெக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

அவளையும் சாமான்களையும் விட்டுவிட்டு ஜீப் போனதும் பத்மாவதி அழுதாள். "அன்ரி, உங்கட விரதம்..."

"அதை நான் முருகனோட கதைக்கிறன். நீ நாளைக்கு வண்டைக் கொண்டுபோய்க் காட்டு."

காட்டினாள். ராமையாவுக்குச் சில மரங்கள்தான் போயின.

அடுத்த முறை அவள் மாத்தளையிலிருந்து வந்தபோது, அன்ரி குசினியில் சமையல் சாமான் அலுமாரியின் ஒரு தட்டை ஒதுக்கித் துடைத்து வைத்திருந்தார்.

"கட்டிலுக்குக் கீழ வேண்டாம், பிள்ளை. வண்டின்ர சாராயத்தை இதில வை."