ஐந்து நூல் குப்பி

கன்னியம்மாவிடம் ‘முடியாது’ என்று சொல்லிப் பார்த்தவர்கள் ஆரம்பாக்கத்திலிருந்து கும்மிடிப்பூண்டிவரை இருக்கிறார்கள். ஒருத்தராவது ஜெயித்ததாகக் கேள்வி இல்லை. எழுபத்தொன்பதில் ஒரு தொழிற்சாலையில் தண்ணீர் சோதிக்கிற வேலைக்குப் போனபோது, “இந்த நாத்தத்துல பொம்பளை நிக்க முடியாதும்மா” என்றாராம் அதிகாரி. “நான் எறா நாத்தத்துல பொறந்தவ சார். உங்களுக்கு முடியலைன்னா மூக்கப் பொத்திக்கோங்க” என்று சொல்லிவிட்டு நேராக உள்ளே போய் நின்றுகொண்டாள். வேலையும் கிடைத்தது. அந்த வாய் எங்கே பழகியது என்று கேட்டால், எழுபத்து நாலாம் வருஷம் தை மாசத்துக்குப் போக வேண்டும்.

அப்போது அவளுக்குப் பத்தாம் வகுப்பு. பழவேற்காடு ஏரிக்கரைக் குப்பத்திலிருந்து ரயிலடிவரை நடந்து, ரயிலேறிப் பள்ளிக்கூடம் போகிற ஒரே பெண். திருவள்ளூரில் பள்ளிகளுக்கிடையே அறிவியல் போட்டி, பள்ளிக்கு மூன்று பேர் கொண்ட ஒரு குழு என்று அறிவிப்பு வந்தது. அறிவியல் வாத்தியார் ஆதிகேசவன் அவளையும், துலுக்காணம், ஆசீர்வாதம் என்ற இரண்டு பையன்களையும் சேர்த்தார். துலுக்காணத்துக்குக் கணீர்க் குரல், அதனால் பேச்சு அவனுடையது. ஆசீர்வாதம் எழுத்து அழகாக எழுதுவான், அதனால் அட்டை அவனுடையது. பொருளைச் செய்தவள் கன்னியம்மா. அவளுக்கு ஒதுக்கிய வேலை, மேஜைக்குப் பக்கத்தில் பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்பது! நல்ல நியாயம்தான், போங்கள்.

பொருள் என்னவென்றால், தண்ணீரில் உப்பு எவ்வளவு என்று காட்டும் மிதவை. காலியான ஊசிமருந்துக் குப்பி ஒன்று. அதன் ரப்பர் மூடியில் தீர்ந்துபோன பேனா ரீஃபிலைச் செருகி, குப்பி நட்டுக்குத்தலாக நிற்க அடியில் வலை ஈயம் போட்டிருந்தாள். உப்பு ஏற ஏறக் குப்பி மேலே எழும்பும். குறையக் குறையத் தாழும். எங்கே நிற்கிறது என்று பார்க்க ரீஃபிலில் ஐந்து இடத்தில் வலைநூல் கட்டியிருந்தாள். கார்த்திகை மழையில் ஏரி எப்படியிருக்குமோ அதுதான் மேல் நூல். அங்கிருந்து கீழே, உப்பைக் கூட்டிக் கூட்டி, தை, பங்குனி, வைகாசி, ஆவணி. ஒவ்வொரு கரைசலையும் அம்மா கெங்கம்மாள் விரலால் தொட்டு நாக்கில் வைத்து, “இது பங்குனித் தண்ணி”, “இன்னும் கொஞ்சம் உப்புப் போடு, வைகாசி வரல” என்று சொல்லித்தான் நூல் விழுந்தது. ஏரியில் எறா, அதாவது இறால், எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று அந்த நாக்கை வைத்துத்தான் குப்பமே வலை போட்டது.

எல்லாம் சரி, ஈயம்தான் வம்பாகப் போயிற்று. அப்பா ரங்கசாமியின் வலையிலிருந்து ஒரு குண்டைச் சொல்லாமல் அறுத்திருந்தாள். அந்த இடத்தில் வலை அடியில் படியாமல் தூக்கிக்கொள்ள, ஒரு வலை எறா அப்படியே நழுவிப் போனது. மனுஷன் குதித்தார்.

“வெளையாட்டுச் சாமானுக்கு என் வலையில கைய வெப்பியா? ஜெயிச்சிக்கினு வா, பதினொண்ணாங் கிளாஸ் போ. தோத்துட்டேன்னு வெய்யி, மறுநாளே எறா உரிக்கிற கம்பெனி. அவ்ளோதான்!”

“ஜெயிச்சிக்கினு வரேன் நைனா” என்றாள்.

பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி, திருவள்ளூர் போய்ச் சேர்ந்தார்கள். மின்மணி, காற்றாலை, எரிமலை என்று மேஜைக்கு மேஜை ஜோடனை. இவர்கள் மேஜையில் ஒரு குப்பியும், தூக்குவாளியில் ஏரித் தண்ணீரும். பக்கத்து மேஜைப் பையன் மூக்கைச் சுளித்து, “கவுச்சி அடிக்குது” என்றான். “உன் எரிமலைய மூஞ்சிக்கு நேரா வெச்சிக்கோ, தெரியாது” என்றாள் கன்னியம்மா.

நடுவர் வந்தார். கண்ணாடி போட்ட பெரியவர், கல்லூரியில் பாடம் நடத்துகிறவர். துலுக்காணம் கணீரென்று ஒப்பித்தான். ஏரித் தண்ணீரில் குப்பி தை நூலில் அழகாக நின்றது. நடுவர் தலையாட்டிவிட்டு, “சரி, சாதாரணத் தண்ணீரில் பார்க்கலாம்” என்று மண்பானையிலிருந்து ஒரு செம்பு குடிதண்ணீரைக் கண்ணாடி ஜாடியில் ஊற்றினார். துலுக்காணம் குப்பியை விட்டான். அது நிற்கவில்லை. ஐந்து நூலும், ரீஃபிலின் நுனியும் ஒன்றன்பின் ஒன்றாக முழுகி, ஜாடியின் அடியில் போய் ‘டொக்’கென்று உட்கார்ந்தது.

சுற்றி நின்ற கூட்டம் கொல்லென்று சிரித்தது. துலுக்காணம் ஜாடிக்குள் எட்டிப் பார்த்தான். ஆதிகேசவன் சாருக்கு முகம் வெளிறிவிட்டது.

“முதல் அளவே நல்ல தண்ணீரில்தானே எடுக்க வேண்டும்? இதுகூடச் செய்து பார்க்கவில்லையா?” என்றார் நடுவர்.

கன்னியம்மா பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டு முன்னால் வந்தாள். “செஞ்சி பாக்கல சார். அது எங்க தப்புதான்.”

“ஏன் பார்க்கவில்லை?”

“குடிக்கிற தண்ணி எங்களுக்கு ஒண்ணரை மைல் சார். கொடத்துல தூக்கினு வரணும். அதுல கையே வெக்க உடமாட்டாங்க. வலை ஈயத்தப் போட்டு முக்குனா எங்கம்மா தோல உரிச்சிடும். எங்களுக்குத் தண்ணின்னா ஏரித் தண்ணிதான்.”

மறுபடி சிரிப்பு. நடுவர் பேனாவைத் திறந்தார்.

“எழுதாதீங்க சார். கொஞ்சம் உப்பு குடுங்க.”

“நேரம் முடிந்துவிட்டதம்மா.”

“எங்க நேரத்துல பாதிய இவங்க சிரிச்சே தீத்துட்டாங்க. அதத் திருப்பிக் குடுங்க.”

ஆதிகேசவன் சார், “கன்னியம்மா!” என்று பல்லைக் கடித்தார். ஆசீர்வாதம் அதற்குள் போட்டி நடந்த பள்ளிக்கூடத்தின் சமையல்கட்டுக்கு ஓடி இரண்டு கை நிறையக் கல்லுப்போடு வந்து நின்றான்.

“நீங்களே கலக்குங்க சார். எவ்ளோன்னு சொல்லாதீங்க.” அவள் திரும்பிக்கொண்டாள். நடுவருக்கும் ஆசை வந்துவிட்டது போலிருக்கிறது. குப்பியை வெளியே எடுத்து, உப்பைப் போட்டுக் கரைத்தார். அவள் ஒரு சொட்டு நாக்கில் வைத்தாள். “பங்குனி. மூணாவது நூல்.” குப்பியை விட்டாள். ஆடியது, அசைந்தது, மூன்றாவது நூலில் நின்றது. நடுவர் இன்னும் ஒரு பிடி போட்டார். “வைகாசி தாண்டிப்போச்சு, ஆவணி வரல” என்றாள். நாலாவது நூலுக்கும் ஐந்தாவதுக்கும் நடுவில் நின்றது. இப்போது சிரிக்க ஆளில்லை.

பரிசு கிடைத்ததா? கிடைக்கவில்லை! எரிமலைக்குக் கொடுத்தார்கள். கன்னியம்மா நேராக நடுவர் முன்னால் போய் நின்றாள். “தப்புன்னு போட்டீங்க, சரி. எது தப்பு, எது சரின்னு எழுதிக் குடுங்க.” அவர் எழுதிக் கையெழுத்துப் போட்டார்: ‘தூய நீரில் அளவிடத் தவறியுள்ளனர். உவர்நீரில் அளவு மிகச் சரியாக உள்ளது.’

விளக்கு வைக்கிற நேரத்துக்கு வீட்டுக்கு வந்தாள். ரங்கசாமி வலையைப் பிரித்துக்கொண்டிருந்தார்.

“ஜெயிச்சியா?”

“இல்ல.”

“அப்ப நாளைக்குக் கம்பெனி.”

“போவ மாட்டேன்.”

“தோத்துட்டு வந்து வாய் வேறயா?”

கன்னியம்மா அம்மாவிடம் போய் நடுவர் எழுதிக் கொடுத்த சீட்டைப் படித்துக் காட்டினாள். “இந்த ‘மிகச் சரி’ன்னு எழுதினாரே, அது உன் நாக்கும்மா. நீ சொன்ன பங்குனி அங்கயும் பங்குனிதான். நல்ல தண்ணியில பாக்காம உட்டதுதான் தப்பு.” சொல்லிவிட்டு, வீட்டில் யாரும் செய்யத் துணியாததைச் செய்தாள். குடிதண்ணீர்க் குடத்தைத் திறந்து குப்பியை உள்ளே போட்டாள். “முழுகுது பாரு. ஈயம் ஜாஸ்தி. கொறைச்சி, மொத நூல இதுலதான் கட்டணும்.”

“அடிப்பாவி, கொடத்துலயாடி!” என்று அலறிக்கொண்டு வந்தாள் கெங்கம்மாள். ஓங்கிய கை அப்படியே நின்றது. குடத்தின் அடியில் கிடந்த குப்பியையும், மகள் கையிலிருந்த சீட்டையும் மாறி மாறிப் பார்த்தாள். “என் நாக்கயா எழுதிக் குடுத்திருக்காங்க?” என்று இன்னொரு தரம் கேட்டாள்.

“ஆமாம்மா. கையெழுத்துப் போட்டு.”

கெங்கம்மாள் முழங்கைவரை அந்தக் குடத்துக்குள் கையை விட்டாள். குப்பியை எடுத்து, மூடியைப் பிடுங்கி, ஈயக்குண்டை உள்ளங்கையில் கொட்டினாள். பல்லால் ஒரு கடி கடித்து மகளுக்கு ஒரு துணுக்கைக் கொடுத்தாள். மிச்சத்தைக் கொண்டுபோய்ப் புருஷன் கையில் வைத்தாள்.

“இந்தா, உன் ஈயம். கணக்கு தீந்துச்சா? பொண்ணு நாளைக்கு ரயிலுக்குப் போவட்டும். இன்னொரு கொடம் தண்ணிக்கு நீ போ.”