பித்தளை ருசி

பல் டொக்டர் சொன்ன இரண்டு வாரம் இன்னும் முடியவில்லை. இது பதினோராவது மாதம். இரண்டு வாரத்தில் பழகிவிடும் என்றுதான் ஹட்டனில் அந்தப் பெண் டொக்டர் சிங்களத்தில் சொன்னார். யாருக்கு எது பழகும் என்று சொல்லவில்லை. எனக்கு வலி பழகிவிட்டது என்று வைத்துக்கொண்டால் அவர் சொன்னதில் பிழையில்லை.

இடது பக்கம் மேலே மூன்று கடைவாய்ப் பற்கள். பழைய அடைப்பெல்லாம் பெயர்ந்து, ஒன்று ஆட்டெலும்பைக் கடித்து இரண்டாகப் பிளந்தும் போயிருந்தது. பிடுங்கிப் போட்டிருந்தால் கதை அத்தோடு முடிந்திருக்கும். தோட்டத்தில் எல்லோரும் அதைத்தான் செய்வார்கள். நான் மட்டும் பல்லுக்கு மேல் உறை மாதிரி கிரவுன் போட்டுக் காப்பாற்றுகிறேன் என்று கிளம்பினேன். காரணம் என் வேலை.

லிந்துலைப் பக்கத்துத் தோட்டமொன்றின் தேயிலைத் தொழிற்சாலையில் நான் உதவி டீமேக்கர். முதல் நாள் தயாரித்த தூளை மறுநாள் காலையில் ருசி பார்ப்பது எங்கள் வேலையில் முக்கியமானது. நீண்ட மேசையில் கிண்ணங்கள் வரிசையாக இருக்கும். பால் இல்லை, சீனி இல்லை. கரண்டியில் அள்ளி, காற்றோடு சேர்த்துச் சர்ரென்று உறிஞ்சி, வாய் முழுக்கச் சுழற்றித் துப்ப வேண்டும். பல் போய்க் கன்னம் ஒட்டிவிட்டால் அந்த உறிஞ்சல் வராமல் போகுமோ என்று பயந்தேன். பயந்தவன் சும்மா இருந்திருக்கலாம்.

என் நாக்கைப் பற்றி எனக்குத் திமிர் இருந்தது. அதை மறைத்துப் பயனில்லை. எங்கள் லயத்து வரிசை வீடுகளிலிருந்து அந்த மேசைக்குப் போன முதல் ஆள் நான். அம்மா கொழுந்து பறித்தாள், அப்பா தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்டினார். மகன் கரண்டியைத் தூக்கி இது சரி, இது சரியில்லை என்று சொல்கிறவனாக ஆனான். அதற்காக நான் வெற்றிலை போட்டதில்லை, பீடி பிடித்ததில்லை, காலையில் பச்சை வெங்காயம் தொட்டதில்லை. பற்பசைகூட ராத்திரிக்குத்தான், விடிந்தால் வெறும் உப்பு. "கல்யாண வீட்டுலகூட வெத்தல போடாத மனுசன்" என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி அலுத்துக்கொள்வாள். எங்கள் டீமேக்கர், எனக்கு மேலதிகாரி, சந்தேகம் வந்த கிண்ணத்தை என் பக்கம் தள்ளிவிட்டு, "ஒங்க நாக்கு என்ன சொல்லுதுங்க?" என்று கேட்பார். அந்தக் கேள்விக்காகவே நான் காலையில் எழுந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

கிரவுன் போட்டுக்கொண்டு வந்த அன்று தொழிற்சாலையில் ஒரே கேலி. "பட்டாபிஷேகம் நல்லபடியா முடிஞ்சுதுங்களா?" என்று கேட்டார்கள். நானும் வாயைத் திறந்து காட்டினேன். மரத்துப் போகப் போட்ட மருந்து இறங்கும் வரைதான் அந்தச் சிரிப்பு. மறுநாள் காலையில் முதல் கிண்ணத்தை உறிஞ்சியபோது, சூடு அந்த மூன்று பல்லிலும் ஏறிக் கண்ணுக்குப் பின்னால் போய் நின்றது. மேசையைப் பிடித்துக்கொண்டேன். டீமேக்கர் அப்போது கொதி கேத்தலைப் பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் தப்பினேன்.

அன்று முதல் ஒளித்து விளையாடத் தொடங்கினேன். தலையை வலது பக்கம் சாய்த்து உறிஞ்சினேன். கிண்ணம் ஆறட்டும் என்று ஏதாவது எழுதுகிற பாவனையில் நேரம் கடத்தினேன். வெளியே போனால் குளிர்காற்று. வாயைத் திறந்து ஒரு வார்த்தை பேசினால் பல்லில் ஊசி. எதையும் பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்துக்கொள்ளச் சொல்வார்கள். எனக்கு அந்த வழியும் இல்லை. மனைவி கராம்பு வைத்துக் கட்டச் சொன்னாள். கத்தினேன். கராம்பு வைத்தால் நாள் முழுக்க நாக்கில் நிற்கும், பிறகு நான் எதை ருசி பார்ப்பது? வலி மாத்திரையும் உப்புத் தண்ணீரும் போதும் என்றேன். அவள் சோற்றுத் தட்டை வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

விடுமுறை கிடைத்த போதெல்லாம் தலவாக்கலை வழியாக ஹட்டனுக்கு பஸ் ஏறினேன். ஒவ்வொரு வளைவிலும் கன்னத்தைக் கையால் தாங்கிக்கொண்டு போவேன். டொக்டர் முதல் முறை கிரவுனைக் கொஞ்சம் உராய்ந்துவிட்டார். அடுத்த முறை இன்னும் கொஞ்சம் உராய்ந்தார். மூன்றாம் முறை எக்ஸ்ரே படம் பிடித்துப் பார்த்து, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். பல்லுக்கு அதை யார் சொல்வது என்ற கேள்வி வாய் வரை வந்தது. எனக்குத் தெரிந்த சிங்களத்தில் அவ்வளவு நக்கல் வராது. "ஹொந்தாய்", நல்லது என்று தலையாட்டிவிட்டு வந்தேன்.

பிறகுதான் சீசன் பிறந்தது. எங்கள் பக்கத்தில் வருடத் தொடக்கத்தில் சில வாரங்கள் மழை நின்று, காய்ந்த குளிர்காற்று அடிக்கும். கொழுந்து குறையும், ஆனால் வருகிற கொழுந்தில் ஒரு வாசனை ஏறும். வருடம் முழுக்க நாங்கள் செய்கிற தூளெல்லாம் வயிற்றுப்பாட்டுக்கு. அந்தச் சில வாரத்துத் தூள்தான் பேர் வாங்குவதற்கு. அந்த வாரங்களின் முதல் நல்ல நாள் காலை, நான் கரண்டியை வாயில் வைத்தேன். பித்தளை.

அடுத்த கிண்ணம். பித்தளை. களிம்பு ஏறிய குத்துவிளக்கை நக்கியது மாதிரி.

"மெட்டல் இருக்குங்க" என்றேன். டீமேக்கர் குடித்துப் பார்த்தார். திரும்பவும் குடித்தார். "எனக்கு ஒண்ணும் தெரியலயே" என்றார். பிறகு, "எனக்குச் சளி வேற. நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்றார். ஒரு தரமாவது அவர் என்னோடு சண்டை போட்டிருக்கலாம் என்று இப்போது நினைக்கிறேன்.

கொழுந்தை உருட்டுகிற ரோலர் மேசையில் பித்தளைப் பட்டைகள் உண்டு. வேலை முடிந்ததும் கழுவித் துடைக்காமல் தண்ணீர் தேங்க விட்டால் களிம்பு பிடிக்கும், அது தூளில் இறங்கும். தொழில் தெரிந்த எவனும் முதலில் அங்கேதான் விரல் நீட்டுவான். நானும் நீட்டினேன். ரோலரில் இருந்தவர் எங்கள் பழைய லயத்துக்காரர், அப்பாவின் கூட்டாளி. நான் அவரை மாமா என்பேன். தொழிற்சாலைக்குள் அவர் என்னை ஐயா என்பார். ஓய்வு பெற இன்னும் இரண்டு வருடம் இருந்தது அவருக்கு.

"சாமி சத்தியமா தேச்சேங்க" என்றார். "ஒரு நாளும் தண்ணி நிக்க விட்டதில்லைங்க."

"அப்ப இந்த ருசி எங்கேருந்து மாமா வருது?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டேன். அவர் குனிந்து பித்தளைப் பட்டையை விரலால் தடவிப் பார்த்தார்.

ரோலர் மேசையைக் கழற்றித் தேங்காய் மட்டையால் தேய்த்தார்கள். பட்டைகள் தங்கம் மாதிரி மின்னின. மறுநாளும் பித்தளை. அதற்கு அடுத்த நாளும் பித்தளை. நான் சொல்லச் சொல்ல, அந்த நாட்களின் தூளெல்லாம் ஒரு பக்கமாக ஒதுக்கி அடுக்கப்பட்டது. சீசனோ ஓடிக்கொண்டிருந்தது. விஷயம் தோட்ட மனேஜர் துரை காதுக்குப் போனது. ரோலருக்கு வேறு ஆள் போட்டார்கள். மாமாவை விறகுக் கொட்டிலுக்கு அனுப்பினார்கள், அடுப்புக்கு விறகு பிளந்து தள்ளுகிற இடத்துக்கு. அங்கே சுவர் கிடையாது. காய்ந்த காற்று நேராக வந்து அடிக்கும். அவர் துண்டைத் தலையில் கட்டிக்கொண்டு போனார்.

அந்த ஞாயிறு வீட்டில் இருந்தேன். மாத்திரை போட மனைவி வெந்நீர் கொடுத்தாள். ஒரு மிடறு குடித்தேன். பித்தளை.

வேறு டம்ளரில் வாங்கிக் குடித்தேன். பிறகு வெளியே பீலியில் கொட்டுகிற ஊற்றுத் தண்ணீரைக் கையில் ஏந்திக் குடித்தேன். பிறகு ஒன்றும் குடிக்காமல் வெறும் எச்சிலை விழுங்கிப் பார்த்தேன். கண்ணாடியின் முன் வாயைப் பிளந்து, இடது பக்க ஈறை விரலால் அழுத்தினேன். கிரவுனின் ஓரத்திலிருந்து ஏதோ கசிந்தது. அதுதான். இத்தனை நாளும் நான் தூளில் கண்டுபிடித்தது என் வாயைத்தான்.

உடனே போய்ச் சொன்னேன் என்று எழுத ஆசைதான். சொல்லவில்லை. திங்கட்கிழமை மேசைக்குப் போனேன், கரண்டியை எடுத்தேன், "இன்னைக்குக் கொஞ்சம் குறைஞ்சிருக்குங்க" என்றேன். செவ்வாயும் அதையே சொன்னேன். நாக்கில்லாதவன் என்று தெரிந்தால் அந்த மேசையில் எனக்கு இடமில்லை. அந்த மேசையை விட்டால் நான் யார் என்று எனக்கே தெரியாது. கொட்டிலைத் தாண்டிப் போகும்போது மறுபக்கம் பார்த்துக்கொண்டு போனேன். பல் வலிக்கிறது என்பதால் முகத்தைத் திருப்புகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஒன்பது நாள் அப்படிப் போனது. என் வாழ்க்கையில் நான் மிகவும் வெட்கப்படுகிற நாட்கள் அவை.

ஒதுக்கி வைத்த தூளில் கொஞ்சம் எடுத்து, டீமேக்கர் எனக்குச் சொல்லாமலே கொழும்புக்குத் தரகரிடம் அனுப்பியிருந்தார். பத்தாவது நாள் பதில் வந்தது. குறை ஒன்றும் இல்லை, வாசனை அபாரம், பல வருடங்களில் இந்தத் தோட்டத்திலிருந்து இப்படி ஒரு தூள் வந்ததில்லை. டீமேக்கர் அந்தக் காகிதத்தை என் முன்னால் வைத்தார். அப்போதுதான் சொன்னேன். பல், கசிவு, வெந்நீர், எல்லாவற்றையும். ஒன்பது நாளையும் சொன்னேன்.

அவர் திட்டவில்லை. "மொதல்ல வாயப் பாருங்க" என்றார். பிறகு என் கரண்டியைக் கழுவித் துடைத்து அலுமாரிக்குள் வைத்தார். நான் அடுத்த நாள் கொழுந்து நிறுக்கிற இடத்தில் மேற்பார்வைக்கு நின்றேன். சம்பளத்தில் மாற்றமில்லை. வேலை போகவில்லையே, சந்தோஷப்படு என்றார்கள் தெரிந்தவர்கள்.

கிரவுன் மூன்றையும் கழற்றினார்கள். உள்ளே ஒரு பல் கறுத்து இற்றுப் போயிருந்தது. அதைப் பிடுங்கினார்கள். இரண்டு மாதம் கழித்து அடுத்ததையும் பிடுங்கினார்கள். மூன்றாவது இன்னும் இருக்கிறது, அதுவும் போகும். வலி போகவில்லை. பல் இல்லாத இடத்தில் எப்படி வலிக்கும் என்று டொக்டரிடம் கேட்டேன். சில பேருக்கு நரம்பு அப்படித்தான், போனாலும் போகும், போகாமலும் இருக்கும் என்றார். பித்தளையும் போகவில்லை. சோற்றில், குழம்பில், தண்ணீரில், எல்லாவற்றிலும் அது முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மனைவி இப்போதெல்லாம் உப்பு சரியா என்று என்னைக் கேட்பதில்லை.

மாமாவைத் திரும்ப ரோலருக்குப் போடச் சொல்லி டீமேக்கரிடம் கேட்டேன். துரையிடமும் போய் நின்றேன். போட்ட ஆளை எடுக்க முடியாது, வயதும் ஆகிவிட்டது என்றார்கள். தூளின் மேல் இருந்த பழி நீங்கியது, கொழும்பில் நல்ல பெயரும் வாங்கியது. மாமா மட்டும் கொட்டிலிலேயே இருக்கிறார். விறகு பிளந்து கை முழுக்க வெடிப்பு.

போன வாரம் கொழுந்து லொறிக்காகக் காத்து நின்றபோது அவர் கொட்டிலிலிருந்து இறங்கி வந்தார். நான் முகத்தைத் திருப்பவில்லை. திருப்பும் தெம்பும் இல்லை.

"வலி எப்படிங்க ஐயா?" என்று கேட்டார்.

"இருக்குங்க மாமா. மன்னிச்சிருங்க" என்றேன். இதை நான் பலமுறை சொல்லிவிட்டேன்.

"அது கெடக்கட்டும்ங்க" என்றார். சிறிது நேரம் கையிலிருந்த சிராயைப் பிடுங்கிக்கொண்டு நின்றார். பிறகு சற்றே வெட்கப்பட்டவர் போலக் கேட்டார்: "அந்தத் தூளு ரொம்ப நல்லா இருந்துச்சுன்னு கொழும்புல எழுதியிருந்தாங்களாமே. எங்க கைக்கு அதெல்லாம் எங்க வருது, எல்லாத்தையும் பெட்டியில ஏத்திட்டாங்க. நீங்கதானே தெனம் குடிச்சீங்க. எப்படிங்க இருந்துச்சு?"

முப்பது வருடம் ரோலரில் நின்ற மனிதர், தன் கையால் உருட்டியதிலேயே ஆக நல்ல தூள் எப்படி இருந்தது என்று என்னிடம் கேட்டார். அதன் ஒவ்வொரு நாள் தூளையும் நான் வாயில் வைத்திருந்தேன்.

"நல்லா இருந்துச்சுங்க மாமா" என்றேன்.

அவர் நகரவில்லை. இன்னும் ஏதாவது சொல்வேன் என்று என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.