முனீஸ்வரனுக்கு ஆகாத குதிரை

ரிங்லெட்டுக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்து லைன் வீடுகளில் ரஞ்சிதத்தின் வாய்க்குப் பயப்படாதவர் இல்லை. கொழுந்து பறித்தே முட்டி தேய்ந்துபோனவளிடம், "மெதுவான வேலையாப் பாத்துக்கிறியா?" என்று மேனேஜர் கேட்டார். "உங்க வேலையக் குடுங்க சார், அதைவிட மெதுவான வேலை இங்க இல்ல" என்றாள். அதற்குப் பிறகு தோட்டத்தில் அவளுக்கு வேலை ஏது? சுற்றுலாக்காரர்களைக் குதிரையேற்றிப் பிழைக்கும் தங்கையாவிடம் கயிறு பிடிக்கப் போனாள்.

அந்தக் குதிரைக்கு அவள் வைத்த பெயர் கிராணி. ஊரே வேலை செய்யும்போது, தோட்டத்தில் கணக்கெழுதும் கிராணிகளைப் போல நின்று வேடிக்கை பார்க்கிறதே, அதனால். மற்றபடி அசல் கிராணிகளுக்கு இல்லாத குணம் அதற்கு. பிள்ளைகள் காதைப் பிடித்து இழுத்தாலும் தலையைத் தாழ்த்திக் கொடுக்கும். சீனப் பெருநாள் விடுமுறையில் வந்த தடியர்களையெல்லாம் சுமந்து அதன் முன்னங்கால் வீங்கிப்போனது. ஒரு கண்ணும் மங்கல். இனி ஆள் ஏற்றவே கூடாது என்று மாட்டு டாக்டர் சொல்லிவிட்டார்.

"ஞாயித்துக்கெழமைக்குள்ள யாராச்சும் கேட்டா குடுத்துரு. இல்லன்னா தாப்பாவுலேருந்து லோரி வருது லா" என்றான் தங்கையா. அந்த லோரியில் ஏறிய மிருகம் பிறகு உயிரோடு இருந்ததாக யாரும் கேள்விப்பட்டதில்லை. ரஞ்சிதம் அன்றைக்கே குதிரைக்கு ஆள் தேடிச் சொல்லியனுப்பினாள்.

முதலில் வந்தவன் ஹோம்ஸ்டே நடத்தும் ராதாகிருஷ்ணன். வாசலில் போட்டோவுக்கு நிறுத்தப் போகிறானாம். "நொண்டுறது போட்டோல தெரியுமா?" என்று கேட்டான்.

"நீ பக்கத்துல நின்னா உன் மூஞ்சிதான் தெரியும். போ" என்று விரட்டினாள்.

அடுத்து கோயில் தலைவர் பழனியப்பன். ஆடித் திருவிழாவில் முனீஸ்வரனுக்கு முன்னால் உயிருள்ள குதிரை நடக்க வேண்டுமென்று அவருக்கு ஆசை. கால் இழுப்பதைக் கண்டதும் முகம் சுளித்தார். "ஊனமான மிருகம் சாமிக்கு ஆகாது ரஞ்சிதம். தீட்டு."

கோயில் வாசலில் நிற்கும் சிமெண்டுக் குதிரையின் காலை எப்போதோ ஒரு லோரி இடித்து உடைத்துவிட்டது. செங்கல்லை முட்டுக் கொடுத்து நிறுத்தி வைத்திருப்பவரே இந்தத் தலைவர்தான். "அப்ப அந்தச் செங்கல் கால் குதிரை மட்டும் ஆகுமா?" என்றாள். அவர் அதற்குள் காரில் ஏறிவிட்டார்.

சனிக்கிழமை வந்தவன் திரிங்காப்பில் செவ்வந்தி போடும் சுப்பன். எச்சில் கையால் காக்கை ஓட்டாதவன். அவன் காலையும் பார்க்கவில்லை, கண்ணையும் பார்க்கவில்லை. நேராகக் குதிரைக்குப் பின்னால் போய் நின்றான்.

"லத்தி நெறைய போடுமாக்கா? கோழி எருவுக்கு இப்ப ரொம்ப கெடுபிடி."

"சீ! இதுக்கா வந்த?"

"நடக்காட்டியும் போடும்ல?"

காறித் துப்ப வேண்டும் போலிருந்தது அவளுக்கு. ஆனால் வந்தவர்களில் கிராணியால் முடிகிற வேலையைக் கேட்டவன் இந்தக் கஞ்சன் ஒருவன்தான். கயிற்றை அவன் கையில் திணித்தாள். "நெறைய போடணும்னா நெறையத் தீனி வைக்கணும். நான் பாக்க வருவேன்" என்றாள்.

ஆடி வந்தது. முனீஸ்வரன் கழுத்து நிறைய மஞ்சள் செவ்வந்தி. பழனியப்பன் ஒரு பூவை எடுத்து அவள் கையில் வைத்தார். "சுப்பன் தோட்டத்துப் பூ. இந்த வருசம் என்னமாப் பூத்திருக்கு பாத்தியா? இனிமே சாமிக்கு அவன்கிட்டதான் வாங்கப்போறேன்."

அந்தப் பூ எந்த எருவில் விளைந்தது என்பது அவள் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. சொன்னால் தீட்டென்று பூ வாங்குவதை நிறுத்துவார். பூ விற்காவிட்டால் சுப்பன் கிராணிக்குத் தீனி வைப்பானா? ரஞ்சிதம் பூவைக் கொண்டையில் செருகினாள். "எல்லாம் சாமி புண்ணியம் தலைவரே" என்று அந்த மடையனைப் பார்த்துக் கும்பிட்டு, வாழ்நாளில் முதல்முறையாக வாயை மூடிக்கொண்டாள்.