ஏழு முடிச்சு நூல்

அம்மாவும் அத்தையும் ஒத்துப்போன விஷயம் ஒன்றைச் சொல் என்றால் நான் திணறிப்போவேன். அம்மா பட்டுச்சேலை நெய்கிறவள். அப்பாவின் அக்காவான அத்தை, ஆரணிக் கடையொன்றில் நெய்து வரும் சேலைகளை விரித்துப் பழுது இருக்கிறதா என்று பார்க்கிறவள். ஒருத்தி நெய்ததில் குற்றம் கண்டுபிடிப்பதே இன்னொருத்தியின் உத்தியோகம் என்றால் வீடு உருப்படுமா?

வெள்ளிக்கிழமை எண்ணெய்க் குளியலில் மட்டும் சண்டை ஓயும். அத்தைதான் அம்மாவுக்குத் தேய்த்துவிடுவாள். அம்மாவின் வயிற்றில், தொப்புளுக்கு மேலே, கெட்டியாக ஒரு தடிப்பு இருந்தது. எங்கள் ஊரில் அதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நெய்த சேலை சுருளும் படமரம் நாள் முழுக்க வயிற்றில் அழுத்துவதால் தறிக்காரர்களுக்குக் காய்ப்பு சகஜம்.

“தறிக் காய்ப்புதான், உடுங்க அண்ணி.”

“காய்ப்பு ஒரே அளவுல நிக்கும். இது வளந்துகினே இருக்குது.”

எனக்கு அப்போது ஒன்பது வயது. ஒருநாள் மிட்டாய் தேடி அத்தையின் சுருக்குப்பையைத் துழாவியபோது சிவப்புப் பட்டுநூல் ஒன்று கையில் வந்தது. அதில் ஏழு முடிச்சுகள். அம்மாவுக்கு அத்தை செய்வினை வைத்திருக்கிறாள்! நூலைத் திருடி என் ஜாமெட்ரி பாக்ஸில் ஒளித்து, போகிற இடமெல்லாம் சுமந்தேன். அம்மாவின் உயிரே என் கையில் இருப்பதாக நினைப்பு.

அதற்குள் அத்தை அம்மாவை வேலூருக்கு இழுத்துக்கொண்டு போயிருந்தாள். தோல் டாக்டரம்மா தடிப்பின் மேலிருந்து கொஞ்சம் கிள்ளிப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வாங்கப் போன அன்று நானும் போனேன். சாதாரண நார்க்கட்டி, பயமில்லை என்று வந்திருந்தது. அம்மா ஜல்தியாக எழுந்துவிட்டாள். அத்தை நாற்காலியைவிட்டு அசையவில்லை.

“முந்தானைய மட்டும் பாத்துட்டு சேலைய பாஸ் பண்ண மாட்டேங்க நானு. அடி வரைக்கும் எடுத்துப் பாருங்க. ஏழு மாசமா நூல் வெச்சு அளந்துகினு வந்தேன், அதுதான் எங்கியோ பூட்ச்சு.”

அத்தை சுருக்குப்பையை உதறினாள். வெற்றிலை விழுந்தது, சாவி விழுந்தது. அவள் கண் கலங்கி நான் பார்த்தது அன்றுதான். நான் ஜாமெட்ரி பாக்ஸைத் திறந்து நூலை மேசைமேல் வைத்தேன். அடி விழும் என்று கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

டாக்டர் நூலை ஸ்கேலின்மேல் நீட்டினார். நுனியிலிருந்து ஒவ்வொரு முடிச்சு வரைக்கும் அந்தந்த மாதத்தில் தடிப்பின் அகலம். ஒவ்வொன்றும் முந்தியதைவிடத் தள்ளியே இருந்தது. “நீங்க சொல்றதுதாங்க சரி” என்றார். இந்த முறை கொழுப்புவரை ஆழமாகத் துண்டு எடுத்தார். லேபில் அதை மெல்லிசாகச் சீவி, தனிச் சாயம் ஏற்றிப் பார்ப்பார்களாம். அடுத்த தடவை அத்தை கேட்ட முதல் கேள்வி, “சாயம் புடிச்சுதுங்களா?”

பிடித்திருந்தது. தோலின் அடியில் வளரும் அபூர்வமான புற்றுக்கட்டி. மெதுவாக வளரும், ஆனால் பக்கவாட்டில் வேர் விடும். சுற்றியுள்ள நல்ல சதையையும் சேர்த்து எடுத்துவிட்டால் பிழைத்துக்கொள்ளலாம் என்றார் டாக்டர். எடுத்தார்கள். பிழைத்துக்கொண்டாள். இன்றைக்கும் அம்மா நெய்கிறாள், அத்தை பழுது சொல்கிறாள், வீடு ரெண்டுபடுகிறது. அத்தையைப்போல ஒரு மனுஷியை நான் இதுவரை பார்க்கவில்லை.

“எப்படி அத்தை கண்டுபிடிச்ச?” என்று வேலூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் கேட்டேன். “உங்கம்மா கைய தூக்கிகினு நிப்பா, நான் அளப்பேன். அவ்ளோதான்” என்றாள்.

வெறும் காய்ப்பு என்று சொன்னவள், ஏழு மாதமும் அளக்கும்போதெல்லாம் சண்டை போடாமல், கையைத் தூக்கிக்கொண்டு அசையாமல் ஏன் நின்றாள் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.