திருகு இல்லாத பெடல்

கப்பலில் ஏறினால் கப்பல் முழுகும், விமானத்தில் ஏறினால் விமானம் விழும், லிஃப்டில் ஏறினால் கரண்ட் போகும். என் மூளைக்கு வேறு மாதிரி யோசிக்கத் தெரியாது. போர்ட் பிளேயரில் பிறந்து, இங்கேயே கல்யாணம் கட்டி, இன்றுவரை மெயின்லேண்டைக் கண்ணால் பார்க்காதவன் நான். எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாம் தூத்துக்குடிப் பக்கம். கல்யாணம், துக்கம் என்று எது வந்தாலும் மனைவிதான் போய்விட்டு வருவாள். நான் ஹாடோ ஜெட்டியில் நின்று கை காட்டுவேன், கப்பல் கண்ணுக்கு மறையும்வரை.

பள்ளிக்கூடத்தை ஒன்பதாவதோடு விட்டவன். கிடைத்த வேலை ஜங்லிகாட்டில், மீன் வைக்கும் ஒரு கோல்ட் ஸ்டோரேஜில். கதவு சாத்தினால் மூச்சு முட்டுகிறவனுக்கு, கதவைச் சாத்தியே வைத்திருக்க வேண்டிய வேலை. அந்த கோல்ட் ரூம் கதவு ஒரு சாண் தடிமன். உள்ளே இருப்பவன் மாட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்காக உள்பக்கம் ஒரு உருண்டைக் குமிழ் வைத்திருக்கிறார்கள். தள்ளினால் கதவு திறக்கும். சேர்ந்த அன்றைக்கே காட்டிக் கொடுத்தார்கள். நான் நம்பவில்லை. குமிழ் உறைந்து போயிருந்தால்? அதனால் எப்போது உள்ளே போனாலும் ஒரு மீன் கிரேட்டைக் கதவிடுக்கில் முட்டுக் கொடுத்துவிட்டுத்தான் போவேன். என்னோடு வேலை பார்க்கும் தெலுங்குக்காரர் தினமும் கத்துவார். எங்களுக்குள் பேச்சு இந்த ஊர் இந்தியில்தான்.

“அரே பாய், தர்வாஜா பந்த் கர் நா! மச்லி கராப் ஹோயேகா!”

கதவைச் சாத்து, மீன் கெட்டுப்போகும் என்கிறார். எனக்கும் தெரியும். “தோ மினிட் பாய்” என்று சொல்லிவிட்டு வேலையை முடித்து ஓடி வந்துவிடுவேன்.

எங்கள் மாதா கோயில் பாடகற்குழுவில் நான் கிதார். மாற்றலாகி மெயின்லேண்ட் போன ஒரு ஆபீசர் வீட்டுச் சாமானையெல்லாம் விற்றுவிட்டுப் போனபோது வாங்கிய எலெக்ட்ரிக் கிதார் அது. தூண் ஓரமாக உட்கார்ந்து, கீபோர்டுக்கு அடியில் அதே நாலைந்து கார்டுகளை, ஸ்வரக்கூட்டுகளை, வாசித்துக்கொண்டிருப்பேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, காணிக்கைப் பாட்டு பாதி போகும்போது, சும்மா பார்ப்போமே என்று கையை எடுத்துவிட்டேன். பாட்டு போய்க்கொண்டே இருந்தது. பக்கத்தில் இருந்தவர்கூடத் திரும்பவில்லை. மறுபடியும் வாசிக்க ஆரம்பித்தேன். அதற்கும் யாரும் திரும்பவில்லை.

அன்றிலிருந்து ஒரு ஆசை பிடித்துக்கொண்டது. ஒரே ஒரு தடவை, நான் வாசிப்பது இத்தனை பேர் காதிலும் விழ வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் போனில் ஒரு பழைய ஃபஸ் பெடலின் சத்தத்தைக் கேட்டேன். கிதாருக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே தரையில் வைக்கிற ஒரு தகரப் பெட்டி. காலால் மிதித்தால் கிதார் சத்தம் கிழிந்துபோய், டின்னுக்குள் குளவி மாட்டிக்கொண்ட மாதிரி இரைகிறது. அழகான சத்தம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் அதைக் கேட்காமல் இருக்க யாராலும் முடியாது. அசல் பெட்டிகள் எங்கள் அப்பா காலத்துச் சாமான். இப்போது கிடைத்தாலும் நம்மால் தொட முடியாது. கோயம்புத்தூரில் ஒருவர் அதே மாதிரி, அதே பழைய ஜெர்மானியம் டிரான்சிஸ்டர் போட்டு, கையாலேயே செய்து தருகிறார் என்று தெரிந்து போன் அடித்தேன்.

“எந்த ஊருங்ணா?”

“போர்ட் பிளேயர்.”

“அட, அந்தமானுங்களா! அங்க சூடு சாஸ்தியா இருக்குமே. இந்தப் பழைய டிரான்சிஸ்டருக்குச் சூடு ஆவாதுங். உள்ள ஒரு சின்னத் திருகு வச்சுத் தர்றேன். சத்தம் மக்கர் பண்ணுச்சுன்னா லேசாத் திருகிக்கலாம்.”

“பழசுல அந்தத் திருகு இருந்துச்சா?”

“இல்லீங். இது நம்ம வசதிக்கு.”

“அப்ப வேண்டாம். பழசுல என்ன இருந்துச்சோ அது மட்டும் போதும்.”

அசல் மாதிரியே இருக்கட்டும் என்கிற ஆசை ஒரு பாதிதான். ஒரு திருகு இருக்கிறது என்று தெரிந்தால் நான் நிம்மதியாக இருக்க மாட்டேன். சரியாகத் திருகினேனா, கூடத் திருகிவிட்டேனா என்று நடு வீட்டில் ஸ்குரூடிரைவரோடு உட்கார்ந்திருப்பேன். அதனால்தான் வேண்டாம் என்றேன். எல்லாவற்றுக்கும் பயப்படுகிறவன், அந்த மனிதர் வாய்விட்டுச் சொன்ன ஒரே ஒரு விஷயத்துக்குப் பயப்படாமல் போனைக் கீழே வைத்தேன்.

மெயின்லேண்டிலிருந்து ஒரு சாமான் வர வேண்டுமென்றால் இங்கே முதலில் கூரியரை யாரும் நினைப்பதில்லை. யார் வருகிறார்கள் என்றுதான் விசாரிப்போம். வருகிறவர் தன் துணியைக் குறைத்துக்கொண்டு ஊருக்கே சாமான் தூக்கி வருவார். அந்தத் தடவை வந்தது அத்தான், என் அக்கா வீட்டுக்காரர். லீவுக்கு அக்காவோடு ஊருக்குப் போயிருந்தார். கோயம்புத்தூர்க்காரர் பெட்டியை அவருக்கு அனுப்பிவிட்டார். கிடைத்ததும் அத்தான் போன் செய்தார்.

“ஏ மாப்ள, என்னது இது? இரும்புப் பெட்டி, உள்ள ஒயரு, சதுர பேட்டரி, மேல ஒரு பட்டன். ஏர்போர்ட்ல என்னய உள்ள தூக்கி வைக்கவா பாக்க?”

சும்மா கேலிக்குச் சொன்னார். ஆனால் எனக்கு அந்த நிமிடமே அத்தான் சென்னை ஏர்போர்ட்டில் கைகட்டி நிற்பது தெரிந்தது. அரசாங்க வேலை போகிறது, அக்கா என் வீட்டு வாசலில் நின்று அழுகிறாள். “பேட்டரியக் கழத்திருங்க அத்தான்” என்றேன். மறுபடியும் போன் போட்டு, “கேட்டா கிதார் சாமான்னு சொல்லுங்க” என்றேன். மூன்றாவது தடவை அக்காவே எடுத்தாள்.

“நீ சும்ம கெடக்க மாட்ட? அவுக அத அதிரசத்துக்குள்ள வச்சு டின்னோட கட்டியாச்சு.”

அதிரசத்துக்குள்ளா! ஒளித்து வைத்தது போல ஆகிவிடாதா? அத்தான் எங்கள் ஊர் வீர் சாவர்க்கர் ஏர்போர்ட்டுக்கு வெளியே வந்து கை காட்டும்வரை நான் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. அத்தானை யாரும் எதுவும் கேட்கவில்லையாம். “அதிரசம் ஒண்ணு எடுத்துக்கிடவான்னுதான் கேட்டான்” என்றார்.

திருவிழா நெருங்கிக்கொண்டிருந்தது. திருவிழா சாயங்காலக் கலைநிகழ்ச்சியில் நான் தனியாக ஒன்று வாசிக்கிறேன் என்று ஃபாதரிடம் எப்படியோ வாய் திறந்து கேட்டிருந்தேன். அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்து, “நீ கிதார் வாசிக்கிறவன்தானே? சரி, வாசி” என்றார். பெயரை நிகழ்ச்சி நோட்டீஸில் அடித்தும் விட்டார்கள்.

வீட்டுக்கு வந்ததும் பெடலில் எண்ணெயைத் துடைத்து, புது பேட்டரி போட்டு, தகரக் கூரைக்கு அடியில் வைத்து மிதித்தேன். குளவி வரவில்லை. புர்ர் என்று ஏதோ விக்கியது, பிறகு அதுவும் அடங்கியது. ஒரு ஸ்வரம் அடித்தால் கால்வாசிதான் வெளியே வந்தது. மிச்சத்தை யாரோ கழுத்தைப் பிடித்து உள்ளே இழுக்கிற மாதிரி இருந்தது.

மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள். “என்ன செய்யுதீங்க? இதுக்கா எங்க அண்ணி வீட்டு அதிரசமெல்லாம் இரும்பு நாத்தம் அடிச்சுது?”

கோயம்புத்தூர்க்காரருக்குப் போன் அடித்தேன். “சூடுங்ணா” என்றார். “அதான் அன்னிக்கே சொன்னனே. குளுகுளுன்னு ஒரு எடத்துல வச்சு வாசிச்சுப் பாருங். அப்பவும் வரலைன்னா வேற ஏதோ கோளாறு. யார்கிட்டயாச்சும் திருப்பிக் குடுத்து உடுங், பாத்துத் தர்றேன்.”

மறுநாள் காலை விமானத்தில் அத்தான் ஆபீஸில் ஒருவர் சென்னை போகிறார். கோளாறு என்றால் அன்றைக்குள் பெடலை அவர் கையில் கொடுத்தாக வேண்டும். கொடுத்தால் திருவிழாவுக்கு முன் திரும்பி வராது. கொடுக்காமல் விட்டு, கோளாறாகவே இருந்தால், மேடையில் இத்தனை பேர் முன்னால் விக்கும். குளிரில் வாசித்துப் பார்த்தால் தெரிந்துவிடும். குளுகுளு என்று ஒரு இடம். இந்த ஊரில் அப்படி ஓர் இடம் எனக்குத்தானே தெரியும்.

மத்தியானம் சரக்கு வராத நேரம் பார்த்து கிதாரையும், பேட்டரியில் ஓடும் சின்ன ஸ்பீக்கரையும், பெடலையும் கோல்ட் ரூமுக்குள் கொண்டு போனேன். வழக்கம் போல கிரேட்டைக் கதவிடுக்கில் வைத்தேன். தெலுங்குக்காரர் வந்து கிரேட்டைக் காலால் தள்ளிவிட்டார். வெளிக்காற்று புகுந்தால் உள்ளே எல்லாம் வியர்த்துவிடும், கிதாரும் பெடலும் சேர்த்து நனையும், மீனும் போகும், முதலாளிக்கு நான் பதில் சொல்ல முடியாது என்றார். சாத்திக்கொண்டு வாசி, இல்லாவிட்டால் வெளியே வா.

வெளியே வந்தேன். கிதாரோடு வெயிலில் நின்றேன். அவர் என்னைப் பார்த்தார். பத்து வருஷம் ஒரு ஆளோடு வேலை செய்தால் சொல்லாததும் தெரிந்துவிடும் போலிருக்கிறது. கேலி செய்வார் என்று நினைத்தேன். ஒரு ஐஸ் பெட்டியை இழுத்துக் கதவுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார்.

“மை இதர் பைட்டேகா. து பஜா. பாஜா பந்த் ஹுவா தோ மை கோலேகா. டீக்?”

நான் இங்கேயே உட்கார்ந்திருப்பேன், நீ வாசி, வாசிப்பு நின்றால் கதவைத் திறப்பேன் என்கிறார்.

“நஹி சுனாயி தியா தோ?” என்று கேட்டேன். உங்களுக்குக் கேட்கவில்லை என்றால்?

“அரே, பஹ்ரா ஹை க்யா மை?” நான் என்ன செவிடா என்றார்.

உள்ளே போனேன். கதவு சாத்தும் சத்தம் பெரிதாக இல்லை. உதட்டை மூடுகிற மாதிரி ஒரு சத்தம், அவ்வளவுதான். அதுதான் மோசம். வெளியே இருந்த மோட்டார் சத்தம், ஆட்டோ, காக்கா எல்லாம் ஒரேயடியாக இல்லாமல் போனது. மஞ்சள் பல்பு. ரேக்கில் அடுக்கி வைத்த சூரை மீன்கள் என்னையே பார்த்தன. குமிழைத் தொடவில்லை. தொட்டுப் பார்த்து அது அசையாவிட்டால் அங்கேயே விழுந்துவிடுவேன் என்று தோன்றியது.

பெடல் குளிர வேண்டுமே என்று முதலில் பெடலை மிதிக்காமல், சும்மா வாசித்தேன். நிறுத்தக்கூடாது. நிறுத்தினால் திறந்துவிடுவார், பெடல் குளிராது. நிறுத்தினால் அவர் திறக்காமலும் இருக்கலாம். அதை நினைக்கவே பயமாக இருந்தது. விரல் மரத்துப்போனது. கோயிலில் வாசிக்கும் அதே கார்டுகளைத்தான் கை தானாக அடித்தது. வாயில் புகை வந்தது.

பிறகு மிதித்தேன்.

குளவி வந்தது. ஒரு குளவி இல்லை, கூட்டோடு வந்தது. ஒரே ஒரு கம்பியைத் தொட்டேன்; அது அறை முழுக்க நிறைந்து, சுவரில் இடித்து, மீன் மேலெல்லாம் ஏறி, அடங்க மாட்டேன் என்று நின்றது. கோளாறு எதுவும் இல்லை. எவ்வளவு நேரம் வாசித்தேன் என்று தெரியவில்லை. நானாகப் போட்டு வைத்திருந்த மெட்டை முழுதாக வாசித்தேன், மறுபடி வாசித்தேன். அறை சின்னது என்பதும் கதவு சாத்தியிருக்கிறது என்பதும் மறக்கவில்லை. மறந்தேன் என்று எழுதினால் பொய். பயம் அப்படியே இருந்தது, சத்தம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

கடைசியில் விரல் கேட்கவில்லை. கையைக் கம்பிமேல் வைத்துச் சத்தத்தை அமுக்கினேன்.

இனி என்ன ஆகும் என்று நினைத்து முடிப்பதற்குள் கதவு திறந்தது. வெயில், மோட்டார், அவர் தலை.

“க்யா ஹுவா? க்யோன் ருக்கா?”

ஏன் நிறுத்தினாய் என்று கேட்கிறார். எட்டி அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். குளிரினால்தான் என்று அவர் நினைத்து டீ வாங்கி வந்தார்.

பெடல் சென்னைக்குப் போகவில்லை. குளிர்ந்த சாமானை வெளியே எடுத்தால் வியர்க்கும் என்பது எங்கள் தொழிலில் முதல் பாடம். அதனால் உள்ளே இருக்கும்போதே பிளாஸ்டிக் கவருக்குள் போட்டு இறுக்கிக் கட்டினேன். திருவிழா சாயங்காலம் அதை முன்கூட்டியே மிதித்து ஆன் செய்து, மீன் அனுப்பும் தெர்மோகோல் பெட்டியில் ஐஸுக்கு நடுவே வைத்து, மூடியில் ஓட்டை போட்டு ஒயரை வெளியே எடுத்தேன். அதைத் தூக்கிக்கொண்டு மேடை ஏறியதும் முன்வரிசையில் அத்தான் ஆரம்பித்துவிட்டார்.

“ஏ மாப்ள, சூரை என்ன வெல?”

கோயில் ஹால் முழுக்கச் சிரிப்பு. ஃபாதரும் சிரித்தார். ஐஸ் உருகினால் சத்தம் விக்கும், மைக் கூவும், கம்பி அறும். எல்லாவற்றையும் ஒரு தடவை நினைத்து முடித்துவிட்டு வாசித்தேன்.

முதல் ஸ்வரத்துக்கே சிரிப்பு நின்றது. ஒரு பாட்டி காதைப் பொத்திக்கொண்டார். யாரோ ஒரு கைக்குழந்தை அழுதது. பாடகற்குழு மொத்தமும், கீபோர்டு வாசிப்பவர் உட்பட, திரும்பி என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. நல்லா இருக்கிறது என்று பார்த்தார்களா, எப்போது முடிப்பான் என்று பார்த்தார்களா, தெரியாது. பார்த்தார்கள்.

மெட்டு முடிந்து கையைக் கம்பிமேல் வைத்து அமுக்கினேன். கைதட்டுவதா வேண்டாமா என்று யாருக்கும் தெரியாத அந்த அமைதியில், கடைசி வரிசையிலிருந்து, வேற்று மதத்துக் கோயிலுக்கு முதல்முறையாக வந்து செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றிருந்த தெலுங்குக்காரர் சத்தமாகக் கேட்டார்.

“பாய்! கோலேகா க்யா?”

திறக்கட்டுமா? ஹாலில் கதவெல்லாம் ஏற்கனவே திறந்துதான் கிடந்தது. யாருக்கும் ஒன்றும் புரியவில்லை.

“அபி நஹி” என்றேன். இப்போது வேண்டாம். பெட்டியில் ஐஸ் கொஞ்சம் மிச்சம் இருந்தது.