அண்ணி செய்த வெயிட்டிங் ரூம்

என் அண்ணிக்கு ஒரு வியாதி உண்டு. எது ஓடினாலும் அது ஏன் ஓடுகிறது என்று தெரிய வேண்டும். நின்றுவிட்டால் ஏன் நின்றது என்று தெரிய வேண்டும். தெரிகிறவரை அவளுக்குச் சோறு இறங்காது. கல்யாணமாகி எங்கள் வீட்டுக்கு வந்த புதிதில் துணி துவைக்கும் மெஷினைப் பிரித்து அறை முழுக்கப் பரப்பி வைத்திருந்தாள். கெட்டுப்போயிருந்ததா என்றால், அதுதான் இல்லை. ஒரு தடவை இடப்பக்கமும் ஒரு தடவை வலப்பக்கமும் அது ஏன் மாறி மாறிச் சுற்றுகிறது என்று பார்க்கிறாளாம். என் அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். "நாள் முழுக்க மெஷினோட மல்லுக்கட்டிட்டு வீட்டுக்கு வந்தா இங்கேயும் மெஷினா?" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவளேதான் திரும்பப் பூட்டினாள். ஒரு திருகு மிஞ்சியது. அது இல்லாமலே மெஷின் இன்றுவரை ஓடுகிறது.

அண்ணிக்கு ஒரு பல் டாக்டரிடம் ரிசப்ஷனிஸ்ட் வேலை. தெருக்கதவுக்கும் டாக்டர் அறைக்கதவுக்கும் நடுவில் ஒரு மேஜை, எதிரே வரிசையாக நாற்காலிகள். வருகிற ஒவ்வொருவரும் அவளிடம் கேட்பது ஒரே கேள்விதான்: "இன்னும் எவ்வளவு நேரம் ஆகும்?" அதைத் தவிர அவளிடம் கேட்க உலகத்தில் எதுவுமே இல்லை என்பது போல. ஆனால் அவள் சும்மா உட்கார்ந்திருப்பவளா? நிஜமாக வலிப்பவர் கன்னத்தில் கையை வைத்திருப்பார், பயந்தவர் பத்திரிகையில் ஒரே பக்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பார், சண்டை போடப்போகிறவர் முதலில் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அப்புறம்தான் அவளைப் பார்ப்பார் என்று எனக்கு வகைவகையாகச் சொல்லுவாள். நான் செருப்புக்கடையில் வேலை பார்க்கிறவள். மனிதர்களைக் காலிலிருந்து படிக்கிறவள் நான், முகத்திலிருந்து படிக்கிறவள் அவள். எங்கள் இரண்டு பேருக்கும் பேச்சுக்குப் பஞ்சமே இருந்ததில்லை.

நாற்பதைத் தாண்டியபின் ஒருநாள், மாலைக் கல்லூரியில் சேர்ந்துவிட்டு வந்து நின்றாள். கம்ப்யூட்டர் கேம் செய்யக் கற்றுத்தரும் படிப்பாம்.

"இந்த வயசுல விளையாட்டா அண்ணி?"

"விளையாட இல்லடி. அது உள்ளே எப்படி ஓடுதுன்னு பார்க்க."

வகுப்பில் மற்ற எல்லாருக்கும் மீசை அரும்புகிற வயசு. அவளை ஆன்ட்டி என்று கூப்பிட்டார்கள். வாத்தியாருக்கே அவளைவிட வயசு குறைவு, பாவம், அவரும் ஒருநாள் வாய்தவறி ஆன்ட்டி என்று சொல்லிவிட்டாராம். அண்ணி அதற்கெல்லாம் அசரவில்லை. வீட்டில் இருந்த பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து ஜன்னலோரம் வைத்துக்கொண்டாள். அது ஓடும்போது மாவு அரைக்கிற சத்தம் வரும். அதில்தான் அவள் கேமைச் செய்தாள்.

இந்தக் கேம் வேறொன்றும் இல்லை, அவளுடைய மேஜைதான். நாம் ரிசப்ஷனிஸ்ட். திரையில் ஒரு அறை, நாற்காலிகள், இரண்டு கதவுகள். ஆட்கள் வந்து உட்காருவார்கள். யாரை முதலில் உள்ளே அனுப்புவது என்று நாம்தான் முடிவெடுக்க வேண்டும். தப்பாக முடிவெடுத்தால் ஒருவருக்குக் கோபம் ஏறும், ஏறி உச்சத்துக்குப் போனால் எழுந்து வெளியே போய்விடுவார். வலி யாருக்கு, நடிப்பு யாருக்கு என்று முகத்தைப் பார்த்தே கண்டுபிடிக்க வேண்டும். மெதுவான ஆட்டம். எனக்குக் கொட்டாவி வந்தது, மறைக்கவில்லை. "சுடறது, குதிக்கறது ஒண்ணும் கிடையாதா அண்ணி?" என்றேன். "பொறுமையா பாரு" என்றாள். நான் பொறுமையாகப் பார்க்கிற ஜாதி இல்லை. பாதியில் எழுந்து போய்விட்டேன்.

வருஷக் கடைசியில் மாணவர்களுக்கான கேம் போட்டி வந்தது. அதில் தேறுகிறவர்களுக்குத்தான் இரண்டாம் வருஷத்தில் இடம், மற்றவர்கள் முதல் வருஷத்தோடு வீட்டுக்குப் போகலாம் என்று கல்லூரியில் சொல்லிவிட்டார்கள். மறுபடி சேரலாம் என்றால் அதற்கும் வழியில்லை, மாலை வகுப்பையே மூடப்போகிறார்கள். இரண்டாம் வருஷத்தில்தான் கேமுக்கு அடியில் ஓடுகிற எந்திரத்தை, அதாவது கேமையே ஓட்டுகிற புரோகிராமை, எழுதக் கற்றுத்தருவார்கள். அண்ணி சேர்ந்ததே அதற்காகத்தான். அந்த ஒரு இடத்துக்காக அவள் பறந்த பறப்பு எனக்குத்தான் தெரியும். "கிடைச்சிடும்ல?" என்று கேஸ் அடுப்பைப் பார்த்துக்கூடக் கேட்டாள்.

போட்டி ஒரு பெரிய மண்டபத்தில் நடந்தது. கூட ஒரு ஆள் வரலாம் என்றார்கள். அண்ணனுக்கு லீவு கிடைக்கவில்லை, நான் போனேன். ஒவ்வொரு மேஜையிலும் பளபளவென்று ஒரு புதுக் கம்ப்யூட்டர். கழுத்தில் விசில் மாட்டிய ஒருவர் விதிகளைச் சொன்னார். மூன்று நடுவர்கள் ஒருவர்பின் ஒருவராக வந்து விளையாடுவார்கள். மூவரும் மார்க் போட்டு முடிக்கும்வரை கேமைச் செய்தவர் வாயைத் திறக்கக்கூடாது, கம்ப்யூட்டரைத் தொடக்கூடாது. தொட்டால் பெயர் நீக்கப்படும். மூன்றாவது நடுவர் மார்க் பொத்தானை அமுக்கியதும் கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் தானாகத் துடைத்துவிட்டு அடுத்த ஆளின் கேமைத் திறந்துகொள்ளும்.

முதல் நடுவர் கறுப்பு பாலிஷ் ஷூ. வந்து உட்கார்ந்தார், தொடங்கினார். தெருக்கதவு திறந்தது. அடுத்த நொடி ஆட்கள் வெள்ளமாக உள்ளே ஓடிவந்தார்கள், உட்கார்ந்தார்கள், முகம் சிவந்தார்கள், எழுந்து வெளியே ஓடினார்கள். கண்ணை மூடித் திறப்பதற்குள் ஆட்டம் முடிந்துவிட்டது. அவர் மறுபடி தொடங்கினார். மறுபடி அதே கூத்து. பாலிஷ் ஷூ சிரித்தேவிட்டார்.

அண்ணிக்கு முகத்தில் ஈயாடவில்லை. அப்போது என்ன நடந்தது என்று பிறகுதான் எனக்குச் சொன்னாள். திரையில் படம் ஒரு தடவை மாறினால் ஆள் ஒரு அடி நகர வேண்டும், கோபம் ஒரு பிடி ஏற வேண்டும் என்று அவள் எழுதியிருந்தாள். எங்கள் வீட்டுக் கிழட்டுக் கம்ப்யூட்டர் முக்கி முனகித்தான் படத்தை மாற்றும், அதனால் ஆட்களும் நிதானமாக நடந்தார்கள். இந்தப் புதுக் கம்ப்யூட்டரோ படத்தை மளமளவென்று மாற்றித் தள்ளியது. நேரத்தை வைத்துக் கணக்குப் போட்டிருக்க வேண்டும், போடவில்லை. வேறு கம்ப்யூட்டரில் ஒரு தடவை ஓட்டிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். வீட்டை விட்டு வெளியே போகாத கேம், போன முதல் நாளே தலைகால் புரியாமல் ஓடியது.

இரண்டாவது நடுவருக்கு விளையாட்டு ஷூ, நாடா அவிழ்ந்திருந்தது. அவரும் இரண்டு தடவை முயன்று உதட்டைப் பிதுக்கிவிட்டுப் போனார். அதோடு மதிய இடைவேளை. விசில்காரர் எல்லாரையும் வெளியே அனுப்பினார். கேமை நிறுத்தக்கூட விடவில்லை, தொடக்கூடாது என்றால் தொடக்கூடாதுதான். ஆட்டம் முடிந்த பிறகும், யாருமே இல்லாத மேஜைக்கு முன்னால் திரையில் ஆட்கள் தாமாக வந்து, தாமாகக் கோபப்பட்டு, தாமாக ஓடிக்கொண்டிருந்தார்கள். அண்ணி ஒரு வாய்கூடச் சாப்பிடவில்லை. நான் அவளுடைய சாப்பாட்டையும் சேர்த்துச் சாப்பிட்டேன்.

இடைவேளை முடிந்ததும் மூன்றாவது நடுவர் வந்தார். குட்டையான ஒரு அம்மா, ஒருபக்கமாகக் குதிகால் தேய்ந்த செருப்பு. நிறைய நடக்கிறவர், அவசரப்படாதவர் என்று பார்த்ததும் நினைத்தேன். அவர் தொடங்கினார். நான் பல்லைக் கடித்துக்கொண்டேன்.

தெருக்கதவு திறந்தது. ஒரு ஆள் நிதானமாக நடந்துவந்து கன்னத்தில் கையை வைத்து உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து இன்னொருவர். வீட்டில் ஓடியது போல, அச்சு அசல் அதே நடை.

அந்த அம்மா திரையோடு ஒட்டிக்கொண்டார். பத்திரிகையில் ஒரே பக்கத்தைப் பார்த்தவரின் பயத்தைக் கண்டுபிடித்தார். கடிகாரம் பார்த்தவரை உள்ளே அனுப்பாமல் சமாளித்தார். நடுவில் ஒரு தடவை, "அட, இவருக்கு வலியே இல்ல" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். கடைசி ஆள் உள்ளே போகும்வரை விளையாடி முடித்துவிட்டு அண்ணியைப் பார்த்துப் புன்னகைத்தார். "முதல் ரெண்டு பேரும் ரொம்ப வேகம்னு சொன்னாங்களே. எனக்கு அப்படித் தெரியலையே" என்றார். அவர் கை மார்க் பொத்தானை நோக்கிப் போனது. இடம் கிடைத்துவிட்டது என்றே நினைத்தேன். இந்த ஒரு மார்க் போதும், மற்ற இரண்டையும் தூக்கி நிறுத்திவிடும்.

அண்ணியைத் திரும்பிப் பார்த்தேன். அவள் சந்தோஷமாக இல்லை. மெஷினைப் பிரித்த அன்று இருந்த அதே முகம். இது ஏன் நிதானமானது? யாரும் எதையும் தொடவில்லையே! பொத்தானை அமுக்கிவிட்டால் எல்லாம் துடைக்கப்பட்டுவிடும். வாயைத் திறக்காதீர்கள் என்று நான் அவள் முழங்கையைக் கிள்ளினேன், அழுத்திக் கிள்ளினேன்.

"ஒரு நிமிஷம், அமுக்காதீங்க" என்று அண்ணி கையை நீட்டி விசைப்பலகையின் மேல் வைத்துவிட்டாள்.

விசில் ஒலித்தது. மண்டபமே திரும்பிப் பார்த்தது. "பேரு போச்சும்மா, கையை எடுங்க" என்று விசில்காரர் ஓடிவந்தார். அந்த அம்மா அவரைக் கையால் நிறுத்தினார்.

"ஏங்க தொட்டீங்க? நான் நல்ல மார்க்தான் போட இருந்தேன்."

"தெரியுங்க. ஆனா இது ஏன் நிதானமாச்சுன்னு எனக்குத் தெரியல."

"நீங்க வேணும்னு செய்யலையா?"

"நான் ஒண்ணுமே செய்யல. நீங்க அமுக்கிட்டா அப்புறம் எங்க போய்ப் பார்ப்பேன்?"

அந்த அம்மா ஒரு கணம் யோசித்தார். பிறகு நாற்காலியை நகர்த்தி இடம் விட்டார். "பேரு எப்படியும் போயிடுச்சு. வாங்க, பார்ப்போம்."

அண்ணி ஏதேதோ தட்டினாள். படம் பின்னால் போனது, அறை சின்னதாகிக்கொண்டே வந்தது. தெருக்கதவுக்கு வெளியே அவள் தெரு எதுவும் வரைந்திருக்கவில்லை, வெறும் சாம்பல் நிறம்தான். அந்தச் சாம்பலில் ஆட்கள் நின்றார்கள். காலையிலிருந்து கோபித்துக்கொண்டு போன அத்தனை பேரும், கன்னத்தில் கை வைத்தபடி, முகம் சிவந்தபடி, திரையின் ஓரம்வரை எள் விழ இடமில்லாமல் நின்றார்கள். யாருமே போகவில்லை.

"ஐயோ" என்றாள் அண்ணி. "வாசலைத் தாண்டினதும் என் கண்ணுக்குத் தெரியல. போயிட்டாங்கன்னே நினைச்சுட்டேன்."

அந்த அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "ஒவ்வொருத்தர் கோபத்தையும் இது இன்னும் எண்ணிட்டு இருக்கு. இத்தனை பேரைச் சுமந்தா எந்தக் கம்ப்யூட்டர்தான் வேகமா ஓடும்?" இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட அந்தக் கூட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். விசில்காரர்கூடக் கழுத்தை நீட்டிப் பார்த்தார். பார்த்துவிட்டு அண்ணியின் பெயரை அடித்தார். லாபத்துக்காக அவள் தொடவில்லையே என்று அந்த அம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். விசில்காரர் விதி விதிதான் என்றுவிட்டார்.

பஸ்ஸில் நான் பொரிந்து தள்ளினேன். "வாயை மூடிட்டு உட்கார்ந்திருந்தா சீட் கையில! உங்களை யார் கேட்டா? இப்ப தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?" அண்ணி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். தோள் குலுங்கியது. கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் அழுது நான் பார்த்ததில்லை. என் கோபம் அப்படியே வடிந்துவிட்டது, எனக்கும் அழுகை வந்தது.

"ரொம்ப ஆசைப்பட்டேன்டி" என்றாள். "ரொம்ப. ஆனா தெரியாமலே அந்த சீட்ல போய் உட்கார்ந்திருந்தா, என்னால உட்கார்ந்திருக்க முடியாது."

அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு நிறுத்தம் போனது. சாம்பலில் நின்ற அந்தக் கூட்டம் என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

"அண்ணி."

"என்ன?"

"அவங்களை எல்லாம் எப்படி வீட்டுக்கு அனுப்பறது?"

அண்ணி திரும்பி என்னைப் பார்த்தாள். மூக்கை உறிஞ்சி, கன்னத்தைப் புறங்கையால் துடைத்துக்கொண்டாள். "அப்படிக் கேளு" என்று என் பக்கம் நகர்ந்து உட்கார்ந்தாள்.