பரீட்சைக்குப் போன மருதாணிக் கைகள்

பிள்ளைகளா, உங்கள் அத்தை கல்லூரியில் படிக்கும்போது மருதாணி போடும் தொழில் செய்தாள் என்று நான் சொன்னால் சிரிக்கிறீர்கள். "அதெல்லாம் ஒரு தொழிலாப்பா?" என்று சின்னவன் கேட்டான். பேச்சில் பதில் சொல்ல எனக்கு வரவில்லை. எட்டாவதோடு நின்றவன் நான். எழுதினால் கொஞ்சம் நிதானமாக வரும் என்று உட்கார்ந்திருக்கிறேன். பிழை இருந்தால் திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.

அப்போது நாங்கள் கோச்சடையில் ஒரு வளவில் குடியிருந்தோம். ஒரே வாசலுக்குள் வரிசையாக வீடுகள், நடுவில் எல்லோருக்கும் பொதுவாக முற்றம், ஓர் அடிபம்பு. நான் பஞ்சாலையில் ஷிப்டு வேலை பார்த்தேன். என் அப்பா காலம் வரைக்கும் கீழக்குயில்குடிப் பக்கம் அடுத்தவர் வயலில் கூலிக்கு இறங்கிய குடும்பம் எங்களுடையது. அதில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் உங்கள் அத்தை. அங்கே கே.கே. நகரிலிருந்து வந்த ஒரு பெண் அவளுக்குத் தோழியானாள். அந்தப் பெண்ணின் அப்பா அரசாங்க வேலையில் சில வருஷம் குடும்பத்தோடு வடக்கே இருந்துவிட்டு வந்தவர். வடக்கத்திக் கல்யாணங்களில் பார்த்ததை அந்தத் தோழி இங்கே கொண்டுவந்தாள்.

அதுவரை நம் பக்கம் மருதாணி என்றால் விரல் நுனிக்குத் தொப்பி, உள்ளங்கையில் ஒரு வட்டம், அதைச் சுற்றிப் புள்ளி. இவர்கள் இலையைக் காயவைத்து இடித்து, என் பழைய வேட்டியில் சலித்து, தேயிலைத் தண்ணீரில் குழைத்தார்கள். கழுவிக் காயவைத்த பால் கவரைக் கூம்பாகச் சுருட்டி அதில் அடைத்தார்கள்; கோன் என்பார்கள் அதை. ஊசி முனை அளவு ஓட்டை வழியாக நூல் மாதிரி இறங்கும். கொடி, மயில், மாங்காய் என்று முழங்கை வரைக்கும் போவார்கள். பார்த்தவர்கள் பார்த்துக்கொண்டே நின்றார்கள். கல்யாண வீடுகளிலிருந்து ஆள் வர ஆரம்பித்தது.

போட்டு முடித்ததும் இவர்கள் கிளம்பிவிட மாட்டார்கள். கை காயும்வரை கல்யாணப் பெண்ணால் எதையும் தொட முடியாதல்லவா? அவளுக்குத் தண்ணீர் புகட்டுவது, இட்லி ஊட்டுவது, மூக்கு அரித்தால் சொரிந்துவிடுவது எல்லாம் இவர்கள்தான். மற்ற இடங்களில் போட்டுவிட்டுப் போய்விடுவார்கள் என்று தோழி சொல்வாள். உங்கள் அத்தைக்கு அது ஆகாது. "கையைக் கட்டிப் போட்டுட்டு நம்ம பாட்டுக்குப் போனா எப்புடி?" என்பாள். சைக்கிளில் கொண்டுபோய் விடுவதும் காத்திருந்து கூட்டி வருவதும் என் வேலை. ஆலையில் கூட வேலை பார்த்தவன், "என்ன மாப்ள, தங்கச்சி கம்பெனிக்கு நீதான் டிரைவரா?" என்பான். "கண்டக்டரும் நான்தான்" என்பேன். உள்ளுக்குள் பெருமைதான்.

சாயங்காலங்களில் உங்கள் அத்தை ஓர் இன்ஸ்டிடியூட்டில் டைப்ரைட்டிங்கும் கற்றுக்கொண்டிருந்தாள். பக்கத்துத் தெருப் பெண் ஒருத்தி அங்கே அவளோடு படித்தாள். அமைதியான பெண். உங்கள் அத்தை மாதிரியே அவளும் லோயர் பரீட்சைக்குப் பணம் கட்டியிருந்தாள். அதற்குள் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது. கல்யாணம் வியாழக்கிழமை, பரீட்சை அந்த வாரமே ஞாயிற்றுக்கிழமை. போக விடுவார்களோ மாட்டார்களோ என்று தெரியாமலே ஹால் டிக்கெட்டைப் பத்திரமாக வைத்திருந்தாள். அவளுக்கு உங்கள் அத்தையும் தோழியும் சேர்ந்து போட்ட மருதாணியைப் போல அதற்கு முன்னும் பின்னும் நான் பார்த்ததில்லை. இரண்டு கையும் முழங்கை வரை, ஓர் இடம்கூட வெறுமையாக இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் வரவில்லை. மாப்பிள்ளைக்கு வேறு இடத்தில் மனசு இருந்ததாம். வியாழக்கிழமை முகூர்த்தம் முடிய வேண்டிய நேரத்தில் பந்தல்காரர் மூங்கிலை அவிழ்த்துக்கொண்டிருந்தார்.

அன்று மத்தியானம் அந்தப் பெண்ணின் அம்மா எங்கள் வளவுக்கு வந்தார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"கண்ணு, இதை எடுக்கிறதுக்கு மருந்து ஏதாச்சும் இருக்கா?"

உங்கள் அத்தைக்கு முதலில் விளங்கவில்லை.

"எலுமிச்சம்பழம் போட்டுத் தேய்ச்சாச்சு, சோடா உப்பு போட்டுத் தேய்ச்சாச்சு. தோலுதான் உரியுது, செவப்பு போக மாட்டேங்குது. பரீட்சைக்குப் போடின்னு அவுக அப்பாவே சொல்லிட்டாரு. இந்தக் கையை வச்சுக்கிட்டு வாசப்படி தாண்ட மாட்டேங்கிறா."

டைப்ரைட்டிங் பரீட்சையில் கையை எங்கே ஒளிப்பது? மேஜைக்கு மேலே, எல்லோருக்கும் முன்னால்தான் அது ஓட வேண்டும். முழங்கை வரை சிவந்த கையைப் பார்த்தால் கல்யாணப் பெண் என்று யாருக்கும் தெரியும். கழுத்தைப் பார்த்தால் தாலி இருக்காது. கோச்சடை முழுக்கக் கதை தெரிந்த நேரம் அது.

"இல்லம்மா. நாங்க போடுறது ரெண்டு வாரத்துக்குப் போகாது," என்றாள் உங்கள் அத்தை. கல்யாண வீடுகளில் இதே பேச்சை எவ்வளவு மிடுக்காகச் சொல்வாள். அன்று தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

அந்த அம்மா போனபிறகு தோழியும் இவளும் முற்றத்தில் உட்கார்ந்தார்கள். பிறகு இவள் எழுந்து கோனை எடுத்துத் தோழி கையில் கொடுத்து, தன் இடது கையை நீட்டினாள்.

"அதே டிசைன். ஒண்ணும் மாத்தாத."

எனக்குக் கோபம் வந்தது. அடுத்த வாரம் உங்கள் அத்தையைப் பெண் பார்க்க ஒரு வீட்டார் வருவதாக இருந்தார்கள். "நின்னுபோன கல்யாணத்து மருதாணி அது. அதையே உன் கையிலயும் போட்டுக்கிட்டு நின்னா, வர்றவுக என்ன நெனைப்பாக?" என்று கேட்டேன்.

"மருதாணி போட்டிருக்கான்னு நெனைப்பாக, அண்ணே."

"ஊரு ஏற்கெனவே உங்களைத்தான் சொல்லுது. அந்தப் பிள்ளைக கை வச்சுச்சு, கல்யாணம் நின்னுருச்சுன்னு. இதுல இது வேறயா?"

"அப்ப எங்களைச் சொல்லட்டும். அவளை விட்ருவாகல்ல."

 என் அம்மா அடுப்படியிலிருந்து, "வலது கைக்கு முந்தி சாப்பிட்டுக்க" என்றார்.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் இன்ஸ்டிடியூட்டில் படித்த பெண்களை எல்லாம் உங்கள் அத்தை வளவுக்கு வரச் சொன்னாள். விஷயத்தை மறைக்கவில்லை. யாருடைய கையில் உள்ள டிசைன், எதற்காகப் போடுகிறோம் என்று சொல்லிவிட்டுத்தான் கோனை எடுத்தாள். வந்தவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். வளவிலேயே இருந்த ஓர் அம்மா ஓடிவந்து மகளின் தோளைப் பிடித்து எழுப்பினார். "ஏடி, எந்திரி. அந்தப் பீடையை வாங்கிட்டு வந்து நம்ம வீட்ல ஏத்தாத."

அந்தப் பெண் போய்விட்டாள். இன்னொருத்தியும் எழப் பார்த்தாள். அப்போது வாயாடியான ஒரு பிள்ளை முன்னால் நகர்ந்து உட்கார்ந்தது.

"எனக்குப் போடுக்கா. எங்க வீட்ல எனக்கு மாப்ள பாக்குற நெனப்பே இல்ல. இல்லாத மாப்ளைய ராசி என்ன பண்ணும்?"

சிரித்துவிட்டார்கள். சிரித்தபிறகு எழுந்து போவது கஷ்டம். ஒவ்வொரு கையாக நீண்டது. பொடி தீர்ந்துபோனதும் பச்சை இலையை ஆட்டுக்கல்லில் மை மாதிரி அரைத்துத் துணியில் வடிகட்டிப் போட்டார்கள். சனிக்கிழமையும் அதுதான் வேலை. யாரிடமும் காசு வாங்கவில்லை. இவர்களுக்கு விரல் மடக்க முடியாமல் போனது. ஆனாலும் எல்லாக் கையும் காயும்வரை கூட இருந்து, தண்ணீர் புகட்டித்தான் அனுப்பினார்கள்.

சனிக்கிழமை சாயங்காலம் உங்கள் அத்தை அந்தப் பெண்ணின் வீட்டுக்குப் போனாள். நான் வெளியே சைக்கிளோடு நின்றேன். ஜன்னல் வழியாகக் குரல் கேட்டது.

"எதுக்குடி நீயும் போட்டுக்கிட்ட?" அந்தப் பெண் கேட்டாள்.

"நல்லா இருந்துச்சு, போட்டுக்கிட்டேன். காலைல எட்டு மணி பஸ்சு. எடம் போட்டு வைக்கிறேன், வந்துரு."

"நான் வரல."

"சரி. வரலைன்னாலும் எடம் போட்டுத்தான் வைப்பேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, ராத்திரி ஷிப்டு முடிந்து நேரே பஸ் நிறுத்தத்துக்கு வந்து, எதிரே டீக்கடையில் நின்றுகொண்டேன். பெண்கள் எல்லாம் வந்துவிட்டார்கள். அவர்களைக் கூட்டிப் போக வந்த டைப்ரைட்டிங் சார், கைகளைப் பார்த்து மிரண்டுபோனார்.

"என்னம்மா இது, எல்லாருக்கும் ஒரே முகூர்த்தத்துல கல்யாணமா?"

"ஆமா சார். மாப்ளைகதான் இன்னும் வந்து சேரல," என்றாள் அந்த வாயாடி. சொன்னபிறகு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

ஏனென்றால் அந்தப் பெண் அப்போதுதான் அப்பாவோடு வந்து நின்றிருந்தாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றியிருந்தாள். சுற்றி நின்ற கைகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எல்லாவற்றிலும் தன் மயில், தன் மாங்காய்.  சார் ஹால் டிக்கெட் கேட்டார். முந்தானைக்குள்ளிருந்து கை வெளியே வந்து அதை நீட்டியது. அதன்பிறகு உள்ளே போகவில்லை.

பஸ் கிளம்பியபோது ஜன்னல் கம்பிகளில் எல்லாம் சிவந்த கைகள். எது அவள் கை என்று பார்த்தேன். எனக்குத் தெரியவில்லை.

அந்தப் பெண் பாஸ் செய்தாள். பிறகு ஓர் அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. உங்கள் அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள், பிறகு சொல்லி அனுப்புகிறோம் என்று போனவர்கள், சொல்லி அனுப்பவே இல்லை. மருதாணிதான் காரணமா என்று எனக்குத் தெரியாது. அவள் அதைப் பற்றி ஒருநாளும் பேசியதில்லை. அந்தத் தெருவிலிருந்து வெகுநாள் வரை யாரும் மருதாணிக்குக் கூப்பிடவும் இல்லை. அவர்கள் வேறு தெருக்களைத் தேடிக்கொண்டு, படிப்பு முடியும்வரை விடாமல் நடத்தினார்கள். அந்த வயதில் அவ்வளவு துணிச்சல் எனக்கு எங்கே வந்திருக்கும் என்று நான் பலமுறை நினைத்திருக்கிறேன்.

அன்று பஸ் போனபிறகு வீட்டுக்கு வந்தேன். அம்மா சந்தைக்குப் போயிருந்தார். முற்றத்தில் யாரும் இல்லை. ஆட்டுக்கல் கழுவாமலே கிடந்தது. குழியிலும் குழவியிலும் மருதாணி காய்ந்து அப்பியிருந்தது. அந்த வளவில் ஆண்பிள்ளைகள் ஆட்டுக்கல்லைத் தொடுவதில்லை. நான் சட்டையைக் கழற்றிக் கொடியில் போட்டேன். பம்பை அடித்து வாளியில் தண்ணீர் பிடித்து ஊற்றி, ஊறவிட்டு, தேங்காய் நாரை எடுத்துக்கொண்டு கல்லுக்கு முன்னால் உட்கார்ந்து தேய்க்க ஆரம்பித்தேன்.